மீன்காரி உயரத்துக்கு நட்ட கல்

விழிஞ்ஞம் கடற்கரையிலிருந்து பட்டணத்துக் கிழக்கேகோட்டைக்கு வரும் வழியில், எங்கள் ஊர் வளைவில் ஒரு சுமைதாங்கி நிற்கிறது. நெட்டுக்குத்தாக இரண்டு கல். அவற்றின் மேல் குறுக்காக ஒரு கல். எழுத்து ஒன்றும் வெட்டவில்லை. தலைச்சுமையோடு வருகிறவர் யார் துணையும் இல்லாமல் அதன்மேல் சுமையை இறக்கலாம். மூச்சு வாங்கிவிட்டு, மறுபடி தலையைக் கொடுத்து எடுத்துக்கொண்டு போகலாம்.

அது என் முதல் மனைவிக்காக நட்ட கல்.

அவள் பிள்ளைத்தாய்ச்சியாக இறந்தாள். நிறைமாதத்துக்குக் கொஞ்சம் முன்னே. காய்ச்சல் வந்தது, பிறகு வலிப்பு வந்தது. நான் அன்றைக்குச் சாலைச் சந்தையில் வாழைக்குலை இறக்கிக்கொண்டிருந்தேன். ஆள் வந்து சொன்னார்கள். இதற்குமேல் அதைப் பற்றி எழுத எனக்கு வராது.

எங்கள் ஆட்கள் நாஞ்சில் நாட்டிலிருந்து வந்து குடியேறியவர்கள். இருபது வீடு இருந்தால் அதிகம். வாழை, வெள்ளரி, கீரை போடுவோம். தலையில் சுமந்து சாலைச் சந்தைக்குக் கொண்டுபோவோம். வீட்டில் தமிழ், சந்தையில் மலையாளம், சண்டையில் இரண்டும். அங்கிருந்து வரும்போது கூடக் கொண்டுவந்த வழக்கங்களில் இந்தக் கல்லும் ஒன்று. வயிற்றுப் பிள்ளையோடு போனவள், போன இடத்திலும் அதை இறக்கிவைக்க முடியாமல் நிற்பாள் என்பார்கள். அவளுக்காக வழியோரம் ஒரு சுமைதாங்கி நட வேண்டும். வழியில் போகிறவர்கள் ஒவ்வொரு தடவை சுமையை இறக்கும்போதும் அவளுடையதும் கொஞ்சம் இறங்கும்.

கல்லை என் மாமனார் தோவாளைப் பக்கத்திலிருந்து மாட்டுவண்டியில் கொண்டுவந்தார். மகளுக்கு அவர் செய்த கடைசிச் சீர் அது. நடும்போது கல்தச்சர் உயரம் பார்க்க ஒரு ஆள் கேட்டார். நான் குலையைத் தலையில் வைத்துக்கொண்டு நின்றேன். அவர் கரித்துண்டால் கோடு போட்டார்.

"இனிமே நீரு குனியாண்டாம், எக்காண்டாம்" என்றார்.

சொன்னபடியே இருந்தது. எனக்கு அளவெடுத்த கல்.

ஆனால் அதில் அதிகம் சுமை இறக்கியவன் நான் இல்லை. விழிஞ்ஞத்து மீன்காரிகள். காலையில் வள்ளம் கரைக்கு வந்ததும் கூடையைத் தூக்கிக்கொண்டு ஓட்டமும் நடையுமாகப் பட்டணத்துக்கு வருவார்கள். எங்கள் வளைவுக்கு வரும்போது கழுத்து ஒடிகிற மாதிரி இருக்கும். கூடையைக் கல்மேல் ஏற்றிவிட்டு, தலைச் சும்மாட்டைப் பிரித்து முகம் துடைப்பார்கள். அவர்களில் மூத்தவள் ஒருத்தி உண்டு. ஆள் குள்ளம். வாய் பெரிது. குதிகாலைத் தூக்கி, எக்கி, ஒரு முக்கலோடுதான் கூடையை மேலே தள்ளுவாள். நான் பக்கத்துத் தோட்டத்தில் நின்று தினமும் பார்ப்பேன்.

"அண்ணாச்சி, ஒரு கை பிடிச்சா குறைஞ்சா போவீரு?"

"அதுக்குத்தானே கல்லு நிக்கு?"

"செரிதான். செத்தவ சுமப்பா, இருக்கிறவன் பாத்துக்கிட்டு நிப்பான். ஆம்பளைக்கு எல்லா ஊரிலயும் ஒரே சட்டம்."

மற்றவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். கை பிடிக்க மாட்டேன். மீன்கூடையைத் தொட்டால் குளிக்காமல் எங்கள் வீட்டு அடுக்களைக்குள் விடமாட்டார்கள். அது அவளுக்கும் தெரியும். புறப்படும்போது அவள் கல்லை ஒரு தட்டுத் தட்டி, "மோளே, போயிட்டு வரட்டே" என்பாள். என்னிடம் சொல்ல மாட்டாள். கல்லிடம்தான், பெற்ற மகளிடம் சொல்வது மாதிரி.

சில வருஷம் கழித்து எனக்கு இரண்டாம் கல்யாணம் ஆனது. பெண் பூதப்பாண்டிப் பக்கம். வண்டி எங்கள் வளைவுக்கு வந்ததும் நிறுத்தச் சொல்லி இறங்கினாள். தன் துணிப்பெட்டியைத் தூக்கிக் கல்மேல் வைத்தாள். "அக்கா, நான் வந்திருக்கேன்" என்றாள். பிறகு பெட்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தே வந்தாள். யாரும் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. அன்றைக்குத்தான் என் நெஞ்சு ஒரு நிலைக்கு வந்தது. அதை அவளிடம் இதுவரை சொன்னதில்லை.

அதன்பிறகு அந்தப் பக்கம் போனால் ஏதாவது ஒன்றை வைத்து எடுக்காமல் போக மாட்டாள். கையில் ஒரு பிடி கீரை இருந்தாலும் போதும்.

பட்டணம் எங்கள் ஊருக்கு எப்போது வந்தது என்று ஒரு நாளைச் சொல்ல முடியாது. முதலில் கீழ்வயலில் செம்மண் கொட்டினார்கள். பிறகு குளம் தூர்ந்தது. சர்க்கார் கச்சேரி உத்தியோகஸ்தர்கள் இடம் வாங்கி ஓட்டு வீடு கட்டினார்கள். நல்ல மனிதர்கள்தான். விளக்குக் கம்பம் வந்தது, குழாய்த்தண்ணீர் வந்தது. எங்களில் சிலர் நல்ல விலை கிடைத்தது என்று விற்றுவிட்டுப் போனார்கள். கோயில் கொடைக்கு அம்மன் ஊர்வலம் சுற்றிவந்த பாதையில் பாதி, மற்றவர்களுடைய மதிலுக்குள் போனது. ஊர்ப்பெயரைச் சொன்னால் புதிதாக வந்தவர்களுக்குத் தெரியவில்லை.

அப்புறம் ஓவர்சியர் அளவுச் சங்கிலியோடு வந்தார். ரோட்டை அகலமாக்க வேண்டும். மோட்டார் திரும்ப வளைவு போதாது.

"இந்தக் கல்லு இவிடே பாடில்ல" என்றார். இங்கே நிற்கக் கூடாதாம்.

"எடுத்து என்ன செய்வீங்க?"

"பொட்டிச்சு ஜல்லியாக்கும். வேற என்ன?"

அவர் கோபமாகச் சொல்லவில்லை. அவருக்கு அது கல்.

நான் நேரே சித்தப்பாவிடம் போனேன். ஊர்க் காரியம் பார்க்கிறவர் அவர்தான். விஷயம் கேட்டதும் மேல்துண்டைக்கூட எடுக்காமல் எழுந்தார். "குளம் போச்சு, பாதை போச்சு. இனி ஒண்ணையும் விடுறதா இல்ல. இது நம்ம பெண்ணுக்கு வச்ச கல்லு" என்றார். எல்லா வீட்டிலிருந்தும் ஆண்கள் வந்தார்கள். கோட்டைக்குள் கணக்கு எழுதப் போகிறவர்கள்கூட சட்டையைக் கழற்றிவைத்துவிட்டுத் தோள் கொடுத்தார்கள். மூன்று கல்லையும் பெயர்த்து, கம்பில் கட்டித் தூக்கி, முத்தாரம்மன் கோயில் முற்றத்தில் கொண்டுபோய் நட்டார்கள். மஞ்சள் பூசினார்கள். சிவப்புப் பட்டுச் சுற்றினார்கள். முன்னால் விளக்கு ஏற்றினார்கள். பிள்ளைகள் ஏறாதபடி சுற்றிலும் மூங்கில் அழி கட்டினார்கள். என் வீட்டுக்காரிக்காக ஒரு ஊரே தோள் கொடுத்தது. அந்த நன்றி இன்றைக்கும் உண்டு. பின்னால் நடந்தது எதுவும் அதைக் குறைக்காது.

பெண்கள் வந்து கும்பிடத் தொடங்கினார்கள். சுகப்பிரசவம் வேண்டி நேர்ச்சை போட்டார்கள்.

என் மனைவியும் ஒரு வெள்ளிக்கிழமை போய்வந்தாள். வந்து நடையில் உட்கார்ந்தாள். அப்போது அவளுக்கு வயிற்றில் இருந்தது. கல்யாணமாகி வெகுகாலம் கழித்து, இனி இல்லை என்று நாங்கள் இருந்தபோது வந்த பிள்ளை.

"கேட்டேளா? அக்கா சும்மா நிக்கா."

"விளக்கு எரியுதுல்லா?"

"விளக்கு எரியுது. சுமை இறங்குதா?"

நான் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன்.

"அவ இறக்காம நிக்கும்போ நான் எப்படி இறக்குவேன்?" என்றாள். அழவில்லை. வெற்றிலை இருக்கிறதா என்று கேட்கிற குரலில் கேட்டாள். எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒருத்தியை அப்படி அனுப்பியவன் நான். இன்னொருத்தி என் எதிரில் உட்கார்ந்து அதைக் கேட்கிறாள்.

மறுநாள் சித்தப்பாவிடம் போய், கல்மேல் யாராவது சுமை வைக்க வேண்டும் என்றேன்.

"லேய், கோயிலுக்குள்ள சந்தைச் சுமையா? மஞ்சள் பூசியாச்சு, விளக்கு வச்சாச்சு. பொன்னு மாதிரிப் பாதுகாத்து வச்சிருக்கோம்லா."

"வெளியில வச்சிடலாமே சித்தப்பா."

"வெளியில விட்டிருந்தா இன்னைக்கு அது ரோட்டில ஜல்லியாக் கிடக்கும். மறந்துட்டியா?"

அவர் சொன்னதிலும் பொய் இல்லை. திரும்பி வந்தேன்.

அதே வாரம் வளைவில் மீன்காரிகள் வந்தார்கள். கல் இருந்த இடத்தில் ஜல்லிக் குவியல் கிடந்தது. அந்தக் குள்ளக்காரி கழுத்து தாங்காமல் கூடையை அதன்மேல் இறக்கப் பார்த்தாள். ஜல்லி சரிந்தது. கூடை கவிழ்ந்தது. சாளை மீன் ரோடு முழுக்கச் சிதறியது. காக்காய் வந்துவிட்டது.

நான் தோட்டத்திலிருந்து இறங்கி ஓடினேன். காக்காயை விரட்டினேன். பிறகு குனிந்து மீனைப் பொறுக்கினேன். அதுவரை நான் மீனைக் கையால் தொட்டதில்லை. வழுக்கும். குளிர்ச்சியாக இருக்கும்.

"கல்லு எவிடே, அண்ணாச்சி?"

"கோயில்ல."

"சாமியாக்கிட்டீங்களா?"

"ஆமா."

அவள் மண்ணை ஊதி ஊதி மீனைக் கூடையில் போட்டாள். "பாவம், எம் மோளு. செத்த பிறகும் அவளுக்கு ஒரு ஜோலி இருந்தது. இப்போ அதும் போச்சு" என்றாள்.

வழக்கமாகச் சிரிக்கிற மற்றவர்கள் அன்றைக்குச் சிரிக்கவில்லை. நான் கூடையை ஒரு பக்கம் பிடித்து அவள் தலையில் ஏற்றிவிட்டேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "வெயில் மேற்கிலயா உதிச்சது?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

வீட்டுக் கிணற்றடியில் என் மனைவி தண்ணீர் ஊற்றினாள். கையை மோந்து பார்த்தாள். காரணம் கேட்கவில்லை. நானே சொன்னேன். குள்ளக்காரி சொன்னதையும் சொன்னேன். "அவளுக்குத் தெரிஞ்சிருக்கு" என்றாள், அவ்வளவுதான்.

அடுத்த வெள்ளிக்கிழமை விளக்கு வைக்கிற நேரம். கோயிலில் பெண்கள் கூடியிருந்தார்கள். சித்தப்பாவும் இருந்தார். நான் எண்ணெய் கொடுக்கப் போயிருந்தேன். என் மனைவி தலையில் கடவத்தோடு உள்ளே வந்தாள். ஓலைக் கடவம் நிறையக் கீரை, மேலே இரண்டு வெள்ளரிக்காய். அவளுக்கு அப்போது ஏழாம் மாதம். யாரையும் பார்க்கவில்லை. மூங்கில் அழியை விலக்கினாள். பட்டை ஒரு பக்கம் ஒதுக்கினாள். கடவத்தைக் கல்மேல் இறக்கிவைத்துவிட்டு, இடுப்பில் கைவைத்து மூச்சு வாங்கினாள்.

"எட்டி! என்ன செய்யுத?" என்று சித்தப்பாவின் மனைவி சத்தம் போட்டாள்.

"சுமை இறக்குகேன், அத்தை."

"கோயில்ல வச்ச கல்லு பிள்ளே அது!"

"வழியில வச்ச கல்லு, அத்தை. வழியைப் பட்டணத்துக்காரன் எடுத்தான். கல்லை நாம எடுத்துட்டோம். அக்கா எங்க போய் இறக்குவா?"

சித்தி என் மனைவியின் வயிற்றைப் பார்த்தாள். என் முதல் மனைவி போகும்போது அவள் தலையை மடியில் வைத்திருந்தவள் இந்தச் சித்திதான். பிறகு அழிக்குள் வந்து, கையிலிருந்த பூப்பெட்டியைக் கடவத்துக்குப் பக்கத்தில் கல்மேல் வைத்தாள். வைத்த கையை எடுக்கவில்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொருத்தியாக வந்தார்கள். ஒருத்தி குடத்தை வைத்தாள். ஒருத்தி அர்ச்சனைத் தட்டை வைத்தாள். கையில் ஒன்றும் இல்லாத ஒருத்தி இடுப்புப் பிள்ளையைத் தூக்கிக் கல்மேல் உட்காரவைத்தாள். அது வீரிட்டு அழுதது. எல்லாரும் சிரித்துவிட்டார்கள். சித்தியும் சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டே.

சித்தப்பா என்னைத் தனியே கூப்பிட்டார்.

"பெண்டுக தீர்ப்புச் சொல்லியாச்சு. சரி, எங்க கொண்டு நடுவே? ரோடு சர்க்கார் ரோடு."

"என் தோட்டத்து முகப்பு கிடக்கு. ஓடைக்கு இந்தப் பக்கம். அது என் பூமி."

"நாளைக்கு நீயும் விற்பே. அப்போ?"

"விற்க மாட்டேன்."

அவர் என் முகத்தைப் பார்த்தார். சரி என்று தலையாட்டினார்.

ஓவர்சியரிடம் போய்ச் சொன்னேன். "சொந்த பூமியில நீங்க மலையையே கொண்டு வச்சுக்கோங்க, எனக்கென்ன?" என்றார். ஆனால் அடுத்த நாள் அவரே ஆள் விட்டு, ரோட்டிலிருந்து என் முகப்புக்குக் கால் வைக்கும்படி ஓடைமேல் இரண்டு பலகைக் கல் போட்டுக் கொடுத்தார். யாரும் கேட்கவில்லை. அதற்கும் நன்றி சொல்ல வேண்டும். அப்போது சொல்லத் தோன்றவில்லை.

அம்மனிடம் பூக்கேட்டு உத்தரவு வாங்கி, நல்ல நாள் பார்த்து, மறுபடியும் அதே ஆட்கள் தோள் கொடுத்தார்கள். கோயிலில் கல் நின்ற இடத்தில் விளக்கு மட்டும் நின்றது. நேர்ச்சை போட்டவர்களுக்கு அது போதும் என்றாகிவிட்டது. பழைய கல்தச்சர் இல்லை. புதிதாக வந்தவரும் உயரம் பார்க்க ஆள் கேட்டார். நான் குலையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு போய் நின்றேன்.

"நீங்க இல்ல" என்றாள் என் மனைவி.

"பின்ன யாரு?"

"தினம் யாரு வைக்காவளோ அவங்க."

அந்த நேரத்துக்கு மீன்காரிகள் வளைவில் வந்தார்கள். என் மனைவி ஓடைக்கல் வரை போய்க் குள்ளக்காரியைக் கூப்பிட்டாள். அவளுக்கு முதலில் புரியவில்லை. கல்தச்சர் கரித்துண்டோடு பக்கத்தில் வந்ததும்தான் புரிந்தது.

"எனிக்கா? எனிக்கா அளவு?" என்று கேட்டாள். கூட வந்தவர்களைத் திரும்பிப் பார்த்தாள். "எத்தனை காலமா எக்கி எக்கி என் குதிகால் தேஞ்சு போச்சு. அண்ணாச்சிக்கு இப்பத்தான் தோணிச்சு."

"எனக்கு இப்பவும் தோணல்ல. இவதான் சொன்னா" என்றேன்.

"அதைச் சொல்லு!"

அவள் கூடையோடு நிமிர்ந்து நின்றாள். கல்தச்சர் கோடு போட்டார். கல் ஒரு சாண் கூடுதலாக மண்ணுக்குள் இறங்கியது. மண் போட்டு இடித்து, குறுக்குக் கல்லை ஏற்றியாயிற்று. முதல் சுமை வைக்க வேண்டும்.

அவள் தயங்கினாள். கல்லில் மஞ்சள் இன்னும் போகவில்லை. "விளக்கு வச்ச கல்லாச்சே. இதில மீன் வைக்கலாமா?" என்றாள். அவள் குரல் அவ்வளவு தாழ்ந்து நான் கேட்டதில்லை. சித்தப்பாவைப் பார்த்தாள். சித்தப்பா ரோட்டைப் பார்த்தார்.

என் மனைவி போய்க் கூடையின் ஒரு பக்கத்தைப் பிடித்தாள். நிறைவயிற்றோடு அவள் பிடிப்பதைப் பார்த்து நான் ஓடி மறுபக்கம் பிடித்தேன். கூடை கல்மேல் உட்கார்ந்தது. யாரும் எக்கவில்லை. மீன்தண்ணீர் வடிந்து மஞ்சள்மேல் கோடாக இறங்கியது.

பின்னால் சித்தி, "ஒரு குடம் ஊத்தினாப் போச்சு. அதுக்கென்ன இப்போ?" என்றாள்.

குள்ளக்காரி சும்மாட்டைப் பிரித்து முகம் துடைத்தாள். கல்லைத் தட்டினாள். "மோளே, நான்தான்" என்றாள்.

எங்களுக்குப் பெண் பிறந்தது. தாயும் பிள்ளையும் சுகம். மருத்துவச்சி வந்து சேருமுன்பே பிறந்துவிட்டது. என் மனைவி கண் திறந்ததும் கேட்டது, "அக்காகிட்ட சொன்னேளா?" என்றுதான். நான் எழுந்து கல்லுக்குப் போனேன். கையில் ஒன்றும் கொண்டுபோகவில்லை. இரண்டு கையையும் கல்மேல் வைத்துக்கொண்டு நின்றேன். அப்புறம் வந்துவிட்டேன்.

குள்ளக்காரி பிள்ளைக்குப் பால் புகட்ட ஒரு சின்னச் சங்கு கொண்டுவந்தாள். "மீன் கொண்டுவந்தா உங்க வீட்டில ஏத்த மாட்டீங்க. இதும் கடல்லதான் கிடந்தது. ஆனா மணக்காது" என்றாள். பிள்ளை அதில்தான் குடித்து வளர்ந்தது.

இப்போது எங்கள் ஆட்கள் வீடு என்று சொல்ல நாலைந்துதான் மிச்சம். சித்தப்பா போய்விட்டார். கோயிலில் விளக்கு இருக்கிறது. வளைவில் பஸ் போகிறது. மீன்காரிகள் பாதிப்பேர் பஸ்ஸில் போகிறார்கள். கூடையை ஏற்ற விடாத பஸ் வந்தால் நடந்து வருகிறார்கள். புது வீட்டுக்காரர்களின் வேலைக்காரப் பெண்கள் விறகுக் கட்டை வைக்கிறார்கள். பேப்பர்க்காரன் பேப்பர்க் கட்டை வைக்கிறான். எதற்காக நட்ட கல் என்று அவர்கள் கேட்டதில்லை. நானும் சொல்லவில்லை. வைத்தால் போதும். இடத்துக்கு இரண்டு தடவை விலை பேசி வந்தார்கள். காபி கொடுத்து அனுப்பினேன்.

நான் இன்னும் குலை சுமக்கிறேன். முன்னைப்போல் இல்லை, எப்போதாவது. கல் எனக்கு இப்போது தாழ்வு. தலையில் சுமையோடு முழங்காலை மடக்கிக் குனிய வேண்டியிருக்கிறது. கழுத்து வலிக்கும்.

குள்ளக்காரி கிழவியாகிவிட்டாள். வாய் மட்டும் அப்படியே. நான் குனிவதைப் பார்த்தால் விடமாட்டாள்.

"இப்பத் தெரியுதா, அண்ணாச்சி?"

"தெரியுது."

அவள் எழுந்து வந்து ஒரு கை பிடிப்பாள். நான் இறக்கிவைப்பேன்.